சென்செயை விட்டு விலகினால் கராத்தே சொல்லித்தரக் கூடாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து 36 வயது கராத்தே பயிற்சியாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது வயதில் கோயில் கூடத்தில் நடந்த வகுப்பில் சேர்ந்தவர். துணி ஆலையில் அப்பாவுக்கு வேலை போன பிறகு இரண்டு வருடம் சென்செய், அதாவது கராத்தே ஆசான், அவரிடம் ஃபீஸ் வாங்கவில்லை. பதினேழு வயதில் கறுப்பு பெல்ட். குவாஸுலு-நடால் மாகாண அணிக்காக ஆறு வருடம் குமிட்டே என்ற நேருக்கு நேர் மோதும் போட்டியில் இறங்கினார். முழங்கால் தசைநார் கிழிந்ததோடு போட்டி முடிந்தது. அப்புறம் பதினோரு வருடம் அதே டோஜோவில், அதாவது கராத்தே பயிற்சிக் கூடத்தில், பயிற்சியாளர். வாரத்தில் ஐந்து மாலை, சனிக்கிழமை காலை. மாதம் 9,000 ரேண்ட், கையில் பணமாக. சம்பளச் சீட்டு கிடையாது.

போன மாதம் சென்செயிடம், "டிசம்பருக்குப் பிறகு தனியாக ஒரு வகுப்பு தொடங்கலாம் என்று இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவே வாட்ஸாப்பில் பதில்: "நாளை முதல் உன் வகுப்பை வேறு ஆள் எடுப்பார். நீ வர வேண்டாம்." ஒரு வாரத்தில் வக்கீல் நோட்டீசும் வந்துவிட்டது. மூன்றாம் டான் (கறுப்பு பெல்ட்டின் படிநிலை) தேறிய இரவில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஐந்து வருடத்துக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் எந்தத் தற்காப்புக் கலையும் சொல்லித்தரக் கூடாது. கராத்தே சங்கத்திலிருந்து நீக்கியாயிற்று, டான் பட்டமும் ரத்து. டோஜோவின் கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் பயிற்சி அசைவுகளை, வெளியில் சொல்லிக்கொடுத்தால் வழக்கு. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே" என்று அம்மா அழுகிறார். "பணம் வாங்காமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது, தூக்கிப் போடு" என்கிறார் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது என்பது இவருடைய கேள்வி. டோஜோ சாவி இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

தம்பி, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். "வர வேண்டாம்" என்ற செய்தி வந்து 16 நாள் கழித்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வேலைநீக்கம் நியாயமற்றது என்று சி.சி.எம்.ஏ. என்ற தொழிலாளர் தகராறு சமரச ஆணையத்திடம் முறையிட இந்த நாட்டில் 30 நாள்தான் அவகாசம். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அது முடியும் தறுவாயில் இருக்கும். மீதியைப் பிறகு படித்தாலும் சரி, அந்தப் படிவத்தை முதலில் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை, வக்கீலும் தேவையில்லை. நாள் தவறிப்போனால் காரணம் எழுதி மன்னிப்புக் கோரலாம். ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

கையெழுத்துப் போட்ட தாள்

உங்கள் மைத்துனர் சொல்வது இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பொருந்தும். அங்கே பதிலுக்கு ஏதாவது கொடுத்தால்தான் ஒப்பந்தம் நிற்கும். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது, அது அப்படிக் கேட்பதில்லை. 1919-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. "படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்று நீங்கள் எழுதியிருப்பதும் உதவாது. கையெழுத்திட்டவர் படித்துத்தான் இட்டார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அதற்காக ஒப்பந்தத்தில் எழுதியது எழுதியபடியே உங்களைக் கட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1984-ல் வந்த மேக்னா அலாய்ஸ் தீர்ப்புதான் இன்றைக்கும் அடிப்படை. தொழில் தடை ஒப்பந்தம் பொதுவாகச் செல்லும். ஆனால் அது நியாயமற்றது, பொதுநலனுக்கு எதிரானது என்று காட்டினால் நீதிமன்றம் அமல்படுத்தாது. காட்ட வேண்டிய பொறுப்பு தப்பிக்க நினைப்பவர் மேல், அதாவது உங்கள் மேல். ஐந்து வருடம் அதிகமென்று பட்டால் அதைக் குறைத்து, ஒரு பகுதியை மட்டும் அமல்படுத்தவும் நீதிமன்றத்தால் முடியும். "மொத்தமாகச் செல்லாது" என்ற நம்பிக்கையோடு மட்டும் போய் நிற்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பார்கள்? 1993-ல் பாசன் எதிர் சில்வான் வழக்கில் நான்கு கேள்விகள் வைத்தார்கள். பாதுகாக்கத் தகுந்த உரிமை ஏதாவது எதிர்த்தரப்புக்கு உண்டா? நீங்கள் செய்வதால் அதற்கு ஆபத்தா? அந்த உரிமையையும் நீங்கள் சும்மா முடங்காமல் உழைத்துப் பிழைக்கும் தேவையையும் தராசில் வைத்தால் எது கனம்? இவை தவிரப் பொதுநலன் ஏதாவது குறுக்கே வருகிறதா?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம். வியர்வை பட்டு உங்கள் கையெழுத்தின் கடைசி எழுத்து நீலமாகக் கரைந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஏழாவது விதி, "காவலாளி தன் பணிநேரத்தில் வாடிக்கையாளரின் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது" என்கிறது. கராத்தே வகுப்பில் காவலாளி எங்கிருந்து வந்தார்? பாதுகாப்புப் பணியாளர் ஒப்பந்தம் ஒன்றை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. ஆனால் அந்த ஐந்து வருடமும் 50 கிலோமீட்டரும் டோஜோவின் தேவையை எண்ணிப் பார்த்து எழுதியவையல்ல என்று காட்ட அந்த ஒரு விதி நன்றாக உதவும். 50 கிலோமீட்டர் என்றால் டர்பன், ஃபீனிக்ஸ், பைன்டவுன், உம்லாசி எல்லாம் உள்ளே வந்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனால்தான் நீங்கள் வாய் திறந்து எண்ணிக்கை சொல்ல முடியும். ஒரு கோயில் கூடத்து வகுப்பைக் காப்பாற்ற இவ்வளவு பெரிய வேலி எதற்கு என்று எந்த நீதிபதியும் கேட்பார். அசல் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

உடம்பில் இருப்பதும் போனில் இருப்பதும்

உங்கள் வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"கட்டா எங்கள் டோஜோவின் சொத்து" என்று நோட்டீஸ் சொல்கிறது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது ஹெய்யான் வரிசை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவில் இதோசு அன்கோ உருவாக்கியது அது. அப்போது அதன் பெயர் பினான். 1922-ல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் பின்னாளில் ஹெய்யான் என்று மாற்றினார். உலகம் முழுக்கப் பல வகுப்புகளில் வெள்ளை பெல்ட் பிள்ளைகள் தொடக்கத்தில் கற்பது இதைத்தான். இதை ரகசியம் என்றோ தன் சொத்து என்றோ சாட்ஸ்வொர்த்தில் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

உங்கள் திறமையும் அப்படித்தான். ஒரு பிள்ளை குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, இடுப்பு திரும்புவதற்கு முன்னாலேயே கை போய்விடுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறீர்களே, அந்தக் கண் உங்களுடையது. ஆட்டோமோட்டிவ் டூலிங் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேலையில் இருந்தபோது கற்றது என்றாலும், முதலாளியே பயிற்சி கொடுத்தது என்றாலும், ஒருவருடைய பொதுவான தொழில் திறமையும் அனுபவமும் அவருக்கே சொந்தம். அதை முடக்குவதற்காக மட்டும் போட்ட தடை நிற்காது. ஃபீஸ் வாங்காமல் சொல்லிக்கொடுத்ததும் இதை மாற்றாது. அது பெரிய மனசு. ஆனால் அதைக் காட்டி உங்கள் கையைக் கட்ட முடியாது.

ஆனால் பெற்றோர் விஷயத்தில் நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள். 64 பெற்றோர் இருக்கும் வாட்ஸாப் குழுவை உங்கள் போனில் நீங்களே தொடங்கி நடத்தினீர்கள், சரி. வெளியேற்றப்பட்ட மறுநாள் அதில் "ஜனவரியில் புது இடத்தில் சந்திப்போம்" என்று போட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் உறவு என்பது சட்டம் காப்பாற்றும் உரிமை. வாடிக்கையாளர்கள் நிறுவனத்தைவிட அந்த ஊழியரிடமே ஒட்டியிருந்து, அவர் போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவார்கள் என்ற நிலை இருந்தால் தடையை அமல்படுத்திய தீர்ப்புகள் உண்டு. பெற்றோர் உங்களைத்தான் நம்பிப் பிள்ளையை விட்டார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எதிர்த்தரப்பு வக்கீல் அதே வரியைத்தான் நீதிமன்றத்தில் வாசிப்பார்.

அதனால் இன்றே அந்தக் குழுவில் எழுதுவதை நிறுத்துங்கள். போட்ட செய்தியை அழிக்க வேண்டாம், அழித்தால் மறைத்ததாகத் தெரியும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழுவின் பொறுப்பை டோஜோவில் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். பெற்றோரின் எண்களை உங்கள் புது வகுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவும் இங்கே குறுக்கே வரும். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த எண்ணை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அதே சமயம் பெற்றோர் யாருக்கும் சொத்து அல்ல. நீங்கள் அழைக்காமல் ஒரு தாய் தானே விசாரித்து வந்தால் அது அவர் விருப்பம். யார், எப்போது, எப்படிக் கேள்விப்பட்டு வந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

"நீ என் வேலையாள் இல்லை"

நோட்டீஸில் உங்களைச் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்கிறார்கள். நீங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, "எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரியும்" என்று எழுதுகிறீர்கள். அது தவறு. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு, ஏழு அடையாளங்களில் ஒன்று இருந்தாலே ஒருவரை ஊழியர் என்று முதலில் அனுமானித்துக்கொள்ளச் சொல்கிறது. வேலை செய்யும் விதமும் நேரமும் மற்றவர் கட்டுப்பாட்டில் இருப்பது, கடைசி மூன்று மாதம் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது உழைத்தது, பிழைப்புக்கு அவரையே நம்பியிருப்பது, அவர் தரும் சாதனங்களைக் கொண்டு வேலை செய்வது என்று போகிறது அந்தப் பட்டியல். எந்த நாளில் எந்த பெல்ட் வகுப்பு என்பதை சென்செய்தான் பலகையில் எழுதுவார் என்கிறீர்கள். பேட், கையுறை, பாய் எல்லாம் டோஜோவுடையவை. வேறு வருமானம் இல்லை. ஒன்று கேட்ட இடத்தில் உங்களிடம் நாலைந்து இருக்கிறது. இந்த அனுமானம் ஆண்டு வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான், உங்கள் 9,000 ரேண்ட் அதற்குள் அடங்கும். அனுமானத்தை உடைக்க அவர்கள் முயலலாம். உடைக்கும் வேலை அவர்களுடையது.

நீங்கள் ஊழியர் என்று ஆனால், விசாரிக்காமல் ஒரே வாட்ஸாப் செய்தியில் அனுப்பியது சரியா என்ற கேள்வி எழும். தனியாகத் தொடங்கப் போகிறேன் என்று சொன்னவரை வைத்துக்கொள்ள அவருக்குத் தயக்கம் இருப்பது நியாயம்தான். இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். சாதாரண வழக்கில் இழப்பீடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம் வரை போகலாம். முழுசாகக் கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார முன்னறிவிப்பு உண்டு. வருடாந்திர விடுப்பும், வேலையின்மை நிதிக்கு இருவரும் ஆளுக்கு ஒரு சதவீதம் கட்டுவதும் உண்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய பாக்கியைக் கிளறுவது பெரும்பாலும் வீண்.

சமரசக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது: "சென்செயைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் என்ற பெயர் வந்துவிடும்." முதலில் நடப்பது கோர்ட் இல்லை. மூடிய அறை, ஒரு மேசை, நடுவில் ஆணையர். அங்கே பேசியதைப் பிறகு யாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டு போக முடியாது. வக்கீல்களுக்கு இடமில்லை. 27 வருடம் பழகிய இரண்டு பேர் நோட்டீஸ் இல்லாமல் முகம் பார்த்துப் பேச, இப்போதைக்கு உங்களுக்கு வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நாள் தவறாமல் முறையிடச் சொல்கிறேன்.

பெல்ட்டைப் பறிக்க முடியுமா?

சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம், ஆனால் அதன் விதிகளின்படி மட்டும். குற்றச்சாட்டைச் சொல்லி, உங்கள் பதிலைக் கேட்டு, பிறகு முடிவெடுக்க வேண்டும். ஒரு சங்கம் தன் உறுப்பினரைக் கேட்காமலேயே தள்ளிவிட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்யும். விதிப் புத்தகத்தை எழுத்து மூலம் கேளுங்கள். டான் பட்டம் வேறு விஷயம். உங்கள் மூன்று சான்றிதழ்களிலும் ஜப்பான் தலைமையகத்தின் முத்திரை இருக்கிறது என்கிறீர்கள். வேறொருவர் முத்திரை போட்டுக் கொடுத்ததை உள்ளூர் நோட்டீஸில் ஒரு வரி எழுதி ரத்து செய்ய முடியாது. தலைமையகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, பதிவு அப்படியே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்செயின் டோஜோ பெயரையோ சின்னத்தையோ, அவற்றைப் போலத் தோன்றும் எதையுமோ வைக்காதீர்கள். அவரிடம் 27 வருடம் கற்றேன் என்று சொல்லலாம், அது உண்மை.

புது வகுப்பு தொடங்கும் முன்

"பெற்றோரிடம் ஃபார்ம் எழுதி வாங்கிவிட்டால் காயத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை பல டோஜோக்களில் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகக் கவலை. பெற்றோர் தங்களுடைய உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைக்கென்று இருக்கும் உரிமையை அவர்கள் கையெழுத்தால் துறக்க முடியாது. படுமோசமான கவனக்குறைவுக்கு எந்த ஃபார்மும் உங்களைக் காப்பாற்றாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பிள்ளைக்குக் காலக்கெடுவும் நீளம். எட்டு வயதில் கை முறிந்தவன் 18 நிரம்பிய பிறகு இன்னும் ஒரு வருடம் வரை வழக்குப் போட இடமுண்டு. பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் ஒரு பிள்ளையைக்கூடப் பாயில் ஏற்றாதீர்கள். யார், எந்த நாள், என்ன காயம், என்ன செய்தோம் என்று ஒரு காயப் பதிவேடு இருக்கட்டும்.

பிள்ளைகளோடு வேலை செய்வதால், சமூக மேம்பாட்டுத் துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பி பகுதியிலும், நீதித் துறையின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் உங்கள் பெயரோ உங்களுக்கு உதவ வருபவர் பெயரோ இல்லை என்ற சான்று வாங்கி வையுங்கள். பச்சை பெல்ட் அண்ணன் ஒருவன் சனிக்கிழமை வந்து உதவினாலும் அவனுக்கும் இது வேண்டும்.

இனி, என்ன செய்யலாம்? வழக்குக்கு நின்று முழுத் தடையையும் உடைக்கப் பார்ப்பது ஒன்று. வெற்றிக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாட்ஸாப் செய்தி உங்களுக்கு எதிராக இருக்கிறது, உயர் நீதிமன்றச் செலவு உங்கள் ஒரு வருட வருமானத்தைத் தின்றுவிடும். ஒதுங்கி வேறு ஊருக்குப் போவது இன்னொன்று. அம்மாவையும் பிள்ளைகளின் பள்ளியையும் வைத்துப் பார்த்தால் அது உங்களுக்கு ஆகாது. நான் சொல்வது மூன்றாவது: சமரச மேசையில் நீங்களே முதலில் ஒன்றை வையுங்கள். ஒரு வருடம் பழைய பெற்றோர் யாரையும் அழைக்க மாட்டேன், கோயில் கூடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் தொடங்குவேன், பெயரைத் தொட மாட்டேன். பதிலுக்கு ஐந்து வருடமும் 50 கிலோமீட்டரும் போக வேண்டும், பட்டத்தைப் பற்றிய பேச்சு நிற்க வேண்டும், முன்னறிவிப்புச் சம்பளம் வர வேண்டும். நீதிமன்றம் போனாலும் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும். இடையில் நீதிமன்றத் தாள் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வக்கீலிடம் போங்கள். அவசர மனுவுக்குப் பதில் சொல்லச் சில நாட்களே கிடைக்கும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ரெண்டகம் என்றால் ஒளித்துச் செய்வது. நீங்கள் மூன்று மாதம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொன்னீர்கள்.

சாவியைத் தபாலில் அனுப்பாதீர்கள், வக்கீல் மூலமும் கொடுக்காதீர்கள். சென்செய் வீட்டுக்கு நீங்களே போங்கள். உங்கள் இருவருக்கும் தெரிந்த கோயில் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பேட், கையுறை என்று உங்களிடம் இருக்கும் டோஜோ பொருள்களையும் எடுத்துப் போய், ஒரு சின்னப் பட்டியலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவர் உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். கூப்பிடாவிட்டால் வாசலில் நின்றே, எப்போதும் வகுப்பு முடிந்ததும் வணங்குவீர்களே, அது போல வணங்கிவிட்டு வாருங்கள்.